மாண்ட்கோமரி கவுன்ட்டியில் பண்ணை நிலமும் பள்ளிக் கட்டடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாஷிங்டனுக்கு வடக்கே, மேரிலாந்து மாநிலத்தின் மாண்ட்கோமரி கவுன்ட்டியில் நம் குடும்பங்கள் நிறைய இருக்கின்றன. ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் பக்கம் வீடு வாங்கியவர்கள் வாசலிலிருந்து கொஞ்ச தூரம் காரில் போனாலே சோளக்காடு வந்துவிடும், இந்தப் பக்கம் பள்ளியில் இடமில்லாமல் பிள்ளைகள் போர்ட்டபிள் என்ற தற்காலிக அறைகளில் உட்கார்ந்திருப்பார்கள். இதைப் பார்க்கிற யாருக்கும் கேள்வி வரும். தமிழ் வகுப்பு வாசலிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் திரும்பத் திரும்ப வரும் அந்தக் கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே இங்கே தொகுத்திருக்கிறேன்.

கவுன்ட்டின்னா நம்ம ஊர் மாவட்டம் மாதிரியா? நிலத்தைப் பத்தி யார் முடிவு பண்றாங்க?

பரப்பளவில் ஒரு சின்ன மாவட்டம் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் கலெக்டர் கிடையாது. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நிர்வாகத் தலைவர் (எக்ஸிக்யூட்டிவ்) ஒருவர், 11 பேர் கொண்ட கவுன்சில் ஒன்று. 2022 தேர்தல் வரை கவுன்சிலில் 9 பேர்தான். 2020 கணக்கெடுப்பில் பத்து லட்சத்தைத் தாண்டிய மக்கள்தொகைக்கு இவர்கள்தான் உள்ளூர் அரசாங்கம். ஜெர்மன்டவுனுக்கோ கிளார்க்ஸ்பர்க்குக்கோ மேயர் இல்லை, நகராட்சி இல்லை, எல்லாமே கவுன்ட்டிதான். ராக்வில், கெய்தர்ஸ்பர்க், பூல்ஸ்வில் போன்றவை தனி நகராட்சிகள், அவற்றின் எல்லைக்குள் நிலப் பயன்பாட்டை அவையே பார்த்துக்கொள்கின்றன.

எந்த நிலத்தில் எதைக் கட்டலாம் என்ற ஜோனிங் விதியைப் பிளானிங் போர்டு ஆராய்ந்து பரிந்துரைக்கும், கடைசி ஓட்டு கவுன்சிலுடையது. பள்ளிகளுக்குத் தனியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட கல்வி வாரியம் இருக்கிறது. ஆனால் அதற்கு வரி போடும் அதிகாரம் இல்லை, கட்டடத்துக்கான பணத்தைக் கவுன்சிலிடமும் மாநிலத்திடமும்தான் கேட்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வருவதில் பாதி எளிதாகப் புரியும்.

ஆக் ரிசர்வ்னு சொல்றாங்களே, அது என்ன? பார்க்கா?

பார்க் இல்லை. பெரும்பகுதி தனியார் நிலம், வேலி தாண்டி உள்ளே போய் நடக்க முடியாது. 1980-ல் கவுன்ட்டி ஒரு திட்டம் போட்டு, வடக்கிலும் மேற்கிலும் இருந்த சுமார் 93,000 ஏக்கரை, அதாவது கவுன்ட்டியின் மூன்றில் ஒரு பங்கை, விவசாயத்துக்கென்று ஒதுக்கியது. அதுதான் விவசாய ஒதுக்கீட்டுப் பகுதி, பேச்சுவழக்கில் ஆக் ரிசர்வ்.

இதன் வேர் 1964-ல் வந்த பொதுத் திட்டத்தில் இருக்கிறது. நெடுஞ்சாலைகளும் ரயில் பாதையும் போகும் வழிகளில் நகரம் வளரட்டும், இடைப்பட்ட பகுதிகள் பசுமையாக இருக்கட்டும் என்று அந்தத் திட்டம் சொன்னது. சொன்னதே தவிர, பசுமைப் பகுதியைக் காப்பாற்ற வலுவான கருவி எதுவும் அதில் இல்லை. எழுபதுகளில் ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு என்ற விதியை வைத்துப் பார்த்தார்கள், பண்ணைகள் துண்டு துண்டாகிக்கொண்டே போயின. ஐந்து ஏக்கர் என்பது உழுவதற்கு மிகச் சிறியது, புல் வெட்டுவதற்கு மிகப் பெரியது. அதனால்தான் 1980 திட்டம் 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று இறுக்கியது.

விவசாயிங்க சும்மா விட்டாங்களா? ஒரே நாள்ல நிலத்தோட மதிப்பு விழுந்துடுச்சே?

விடவில்லை. நிலம்தான் அவர்களுடைய ஓய்வூதியம், பிள்ளைகளின் கல்லூரிச் செலவு, வங்கிக் கடனுக்கு ஈடு, எல்லாமே. அவர்கள் கோபம் நியாயமானது என்றுதான் நான் நினைக்கிறேன், இன்றும் அந்தக் குறை முழுதாகத் தீர்ந்ததாகச் சொல்ல மாட்டேன்.

அப்போது பிளானிங் போர்டுக்குத் தலைவராக இருந்தவர் ராய்ஸ் ஹான்சன். அவர் காலத்தில் வடிவம் பெற்ற தீர்வுதான் டி.டி.ஆர்., வீடு கட்டும் உரிமையை இடம் மாற்றி விற்பது. பழைய விதிப்படி ஐந்து ஏக்கருக்கு ஒரு வீடு கட்டும் உரிமை இருந்தது அல்லவா, அந்த உரிமை செத்துப்போகவில்லை, ஆனால் அதில் பெரும்பகுதியைப் பண்ணையில் வைத்துப் பயன்படுத்த முடியாது, வேறு இடத்தில் கட்டும் டெவலப்பருக்கு விற்கலாம் என்றார்கள். விற்றதும் பண்ணையின் மேல் ஒரு ஈஸ்மென்ட், அதாவது இனி இங்கே இவ்வளவு வீடுதான் என்ற கட்டுப்பாடு, நிலப் பதிவேட்டில் ஏறிவிடும். அடுத்த உரிமையாளரையும் அது கட்டுப்படுத்தும்.

டி.டி.ஆர். கணக்கு எனக்கு இன்னும் புரியல. ஒரு உதாரணம் சொல்லுங்க.

100 ஏக்கர் பண்ணை, அதில் வீடே இல்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஏக்கருக்கு ஒன்று வீதம் 20 உரிமைகள். புதிய விதிப்படி 25 ஏக்கருக்கு ஒரு வீடு, ஆக அதே நிலத்தில் அதிகபட்சம் 4 வீடு கட்டலாம், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு உரிமையைக் கையில் வைத்திருக்க வேண்டும். மீதி 16-ஐ விற்றுவிடலாம். வாங்கும் டெவலப்பர், நகரம் வளரலாம் என்று கவுன்ட்டி குறித்துவைத்த இடத்தில், சாதாரணமாக அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு மேலே கூடுதல் வீடுகள் கட்டிக்கொள்வார்.

கையில் மிஞ்சிய அந்த 4 இருக்கிறதே, அவைதான் விலை உயர்ந்தவை, ஏனென்றால் அவற்றைக் கொண்டு அங்கேயே வீடு கட்டிவிட முடியும். அதையும் கட்டாமல் விட்டுவிடப் பணம் கொடுக்கும் பி.எல்.டி. என்ற திட்டம் பின்னால் வந்தது. டி.டி.ஆர். வழியாக மட்டும் 52,000 ஏக்கருக்கு மேல் ஈஸ்மென்ட்டுக்குள் வந்திருக்கிறது. இதில் முக்கியமானது, அந்தப் பணம் டெவலப்பரிடமிருந்து விவசாயிக்கு நேராகப் போகிறது, கவுன்ட்டி கஜானாவைத் தொடுவதே இல்லை.

அங்க நிஜமாவே விவசாயம் நடக்குதா, இல்ல பணக்காரங்க குதிரை வளர்க்கிற இடமா?

இரண்டும் உண்டு. மக்காச்சோளம், சோயா, கோதுமை, வைக்கோல் புல் இவைதான் பரப்பளவில் பெரியவை. குதிரைப் பண்ணைகள் நிறைய, அதுவும் சட்டப்படி விவசாயம்தான். ஜூனில் ஸ்ட்ராபெர்ரி பறிக்கவும் அக்டோபரில் பூசணிக்காய் எடுக்கவும் நாம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகும் பட்லர்ஸ் ஆர்ச்சர்டு, ஹோம்ஸ்டெட் ஃபார்ம் மாதிரியான இடங்களும் ரிசர்வ் ஓரத்திலோ உள்ளேயோதான் இருக்கின்றன.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. நிலம் ஒருவர் பெயரில், உழுவது இன்னொருவர் என்பது அங்கே சகஜம். குத்தகை ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று குறுகியதாக இருந்தால் மண்ணில் முதலீடு செய்ய யாருக்கும் மனம் வராது. புதிதாகக் காய்கறி பயிரிட வரும் இளைஞர்களுக்கு 10 ஏக்கர் நிலம் நீண்ட குத்தகைக்குக் கிடைப்பதே பெரும் பாடு. நிலத்தைக் காப்பாற்றியாயிற்று, விவசாயியைக் காப்பாற்றும் வேலை இன்னும் மிச்சமிருக்கிறது.

என் பையன் ஸ்கூல்ல போர்ட்டபிள்ல படிக்கிறான். பண்ணைக்குப் பணம் கொடுக்கிற கவுன்ட்டிக்கு ஸ்கூல் கட்டப் பணம் இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், கேட்பவர்களின் ஆதங்கமும் எனக்குப் புரிகிறது. ஆனால் அடிப்படையே கொஞ்சம் பிசகு. ரிசர்வில் காப்பாற்றப்பட்ட நிலத்தில் மிகப் பெரிய பகுதி டி.டி.ஆர். வழியாக வந்தது, அதில் வரிப்பணம் இல்லை என்று மேலே சொன்னேன். மீதி நிலத்தில் ஈஸ்மென்ட்டை விலைகொடுத்து வாங்கும் திட்டங்களுக்கு மாநில நிதி வருகிறது. 1977-ல் மாநிலச் சட்டமன்றம் உருவாக்கிய விவசாய நிலப் பாதுகாப்பு நிறுவனம் அதற்கு ஒரு வழி. விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றி விற்கும்போது போடுகிற பிரத்தியேக வரி இன்னொரு வழி. அந்த வரியை எடுத்துப் பள்ளி கட்ட முடியாது, அது அதற்கென்றே ஒதுக்கப்பட்டது.

பள்ளிக் கட்டடத்துக்கு வருவது பெரும்பாலும் கடன் பத்திரம் (பாண்ட்), மாநில உதவி, புதிய வீடுகள் மேல் போடும் இம்பாக்ட் வரி, சொத்துப் பதிவின்போது கட்டும் ரெக்கார்டேஷன் வரி. அந்தக் கடைசி வரியை 2023-ல் கவுன்சில் உயர்த்தியதற்குச் சொன்ன முக்கியக் காரணமே பள்ளிக் கட்டடங்கள்தான். ஆக இரண்டும் ஒரே பானையிலிருந்து வரவில்லை. போர்ட்டபிள் போகவில்லை என்றால் கோபப்பட வேண்டிய இடம் கட்டட வரிசைப் பட்டியல், சோளக்காடு அல்ல.

சரி, எந்த ஸ்கூல் முதல்ல, எது அப்புறம்னு யார் வரிசை போடுறாங்க?

சி.ஐ.பி. என்று ஒன்று இருக்கிறது, ஆறு வருஷத்துக்கான மூலதனச் செலவுத் திட்டம். பள்ளி, நூலகம், தீயணைப்பு நிலையம், சாலை, பாலம், நீச்சல்குளம் எல்லாம் அதில் வரிசையில் நிற்கும். ஆறு வருஷத்துக்கும் சேர்த்து 5 பில்லியன் டாலரைத் தாண்டும் திட்டம் அது, பெரிய பங்கு பள்ளிகளுக்கு. இரட்டைப்படை ஆண்டுகளில் முழுத் திட்டமும் புதிதாகப் போடப்படும், ஒற்றைப்படை ஆண்டுகளில் திருத்தம் மட்டும்.

நடைமுறை இப்படி. இலையுதிர் காலத்தில் பள்ளிக் கண்காணிப்பாளர் பட்டியலை வெளியிடுவார், கல்வி வாரியம் நவம்பர் வாக்கில் விசாரித்து ஓட்டுப் போடும். ஜனவரி 15-க்குள் நிர்வாகத் தலைவர் தன் பரிந்துரையைக் கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், பிப்ரவரியில் பொது விசாரணை, மே மாதக் கடைசியில் கவுன்சில் முடிவு. ஜூலை 1-ல் புது நிதியாண்டு. எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற உச்சவரம்பைக் கவுன்சில் முன்கூட்டியே வைத்துவிடுகிறது, அந்த வரம்புக்குள் ஒன்று முன்னே வந்தால் இன்னொன்று பின்னே போகும். உங்கள் பள்ளி ஒரு வருஷம் தள்ளிப்போனதாகச் செய்தி வந்தால், பெரும்பாலும் வேறொரு பள்ளியின் கட்டுமானச் செலவு ஏறியிருக்கும் அல்லது எதிர்பார்த்த மாநிலப் பணம் குறைந்திருக்கும்.

அவ்வளவு காலி நிலம் இருக்கும்போது அங்கேயே மலிவா வாங்கி ஸ்கூல் கட்டலாமே?

முதலில், அது காலி நிலம் இல்லை, பயிர் நிலம். சரி, அதை விடுங்கள், பணக் கணக்கையே பார்ப்போம். ஒரு புதிய உயர்நிலைப் பள்ளி கட்ட இப்போது 150 மில்லியன் டாலரைத் தாண்டுகிறது, அதில் நிலத்தின் விலை சிறு பகுதி. ரிசர்வுக்குள் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் பொதுவாகப் போவதில்லை, கிணறும் செப்டிக் தொட்டியும்தான், ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கும் கட்டடத்துக்கு அது ஒத்துவராது. குழாய் போட்டால் அந்தக் குழாய் ஓரமாகவே அடுத்து வீடுகள் வர ஆசைப்படும். அப்புறம் எல்லாப் பிள்ளைகளையும் தினமும் பேருந்தில் கொண்டுபோக வேண்டும்.

டெவலப்பரிடமிருந்து இடத்தை வாங்கிக்கொள்வது இதைவிடப் புத்திசாலித்தனமான வழி. கெய்தர்ஸ்பர்க்கில் கிரவுன் என்ற புதிய குடியிருப்பு இருக்கிறதே, அது உண்மையிலேயே கிரவுன் பண்ணையாக இருந்த இடம். ரிசர்வில் சேராத, நெடுஞ்சாலையை ஒட்டிய பண்ணை. 2006-ல் அதை நகராட்சி தன் எல்லைக்குள் சேர்த்துக்கொண்டபோதே உயர்நிலைப் பள்ளிக்கு 30 ஏக்கருக்கு மேல் ஒதுக்கிவைக்கச் செய்தார்கள். 2027-ல் திறக்கும் திட்டத்தோடு அங்கே பள்ளி எழும்புகிறது. இடம் கிடைத்து இவ்வளவு வருஷம் ஏன் ஆனது என்று கேட்டால், பதில் முந்தைய கேள்வியில் இருக்கிறது: நிலம் இருந்தது, வரிசையில் பணம் வரவில்லை.

வீடு மட்டும் கட்டிக்கிட்டே போறாங்க, ஸ்கூல் வரல. இதை நிறுத்த சட்டமே இல்லையா?

இருந்தது, ஒரு வகையில் இன்னும் இருக்கிறது. 1973 முதலே, போதுமான பொது வசதிகள் இருந்தால்தான் மனைப் பிரிவுக்கு அனுமதி என்ற சட்டம் கவுன்ட்டியில் உண்டு. ஒரு பகுதியின் பள்ளிகள் கொள்ளளவில் 120 சதவீதத்தைத் தாண்டினால் அங்கே புது வீட்டுத் திட்டங்களுக்கே தடை என்று பல வருஷம் நடந்தது. 2020 நவம்பரில் கவுன்சில் அந்தத் தடையை எடுத்துவிட்டு, நெரிசல் உள்ள இடத்தில் கட்டுபவர் கூடுதல் தொகை கட்ட வேண்டும் என்று மாற்றியது.

இதற்குச் சொன்ன காரணம் பலருக்கு வியப்பாக இருக்கும். பள்ளிகளில் கூடிய மாணவர்களில் பெரும்பகுதியினர் புது வீடுகளிலிருந்து வரவில்லை, வயதானவர்கள் விற்றுவிட்டுப் போன பழைய வீடுகளில் குடியேறிய குடும்பங்களிலிருந்து வந்தார்கள். நம்மில் எத்தனை பேர் அப்படி வந்தவர்கள் என்று யோசித்துப் பாருங்கள். தடையை எடுத்தது சரி என்பதுதான் என் கருத்து. ஆனால் வசூலாகும் கூடுதல் தொகை அந்தந்தப் பகுதியின் பள்ளிகளுக்கு எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேர்கிறது என்பதை யாராவது வருஷா வருஷம் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கிளார்க்ஸ்பர்க் மாதிரி புதிதாக எழும்பிய ஊர்களில் வீடுகள் முன்னே வந்து வசதிகள் பின்னே நடந்து வந்ததை நாமே பார்த்திருக்கிறோம்.

பூல்ஸ்வில் ஸ்கூல் ரிசர்வுக்கு நடுவுலதானே இருக்கு? அது மட்டும் எப்படி?

பூல்ஸ்வில் ஒரு சிறு நகரம், சுற்றிலும் ரிசர்வ். அங்கே உயர்நிலைப் பள்ளி ரிசர்வ் வருவதற்கு வெகு முன்பிருந்தே இருக்கிறது. மேக்னெட் எனப்படும் சிறப்புப் படிப்புகளுக்காக ஜெர்மன்டவுன், கிளார்க்ஸ்பர்க் பிள்ளைகள் இன்றும் பேருந்தில் அங்கே போகிறார்கள், அதில் நம் பிள்ளைகள் கணிசம். 1950-களின் கட்டடத்தை மாற்றச் சொல்லி அந்த ஊர் மக்கள் நெடுங்காலம் போராடினார்கள், பல தடவை பட்டியலில் பின்னுக்குத் தள்ளப்பட்டு, கடைசியில்தான் புதிய கட்டடம் கிடைத்தது.

இதில் ஒரு அநியாயம் இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். பட்டியலில் முன்னே வர மாணவர் நெரிசல் பெரிய காரணி. ரிசர்வுக்குள் இருக்கும் ஊரில் மக்கள்தொகை பெருகாது, பெருகக் கூடாது என்பதுதான் கவுன்ட்டியின் கொள்கையே. அப்படியானால் அந்த ஊரின் கட்டடம் இடிந்து விழும் நிலை வந்தால்தான் வரிசை முன்னே வரும். நிலத்தைப் பாதுகாக்கச் சொன்ன அரசு, அங்கே வாழ்பவர்களின் பள்ளிக்கும் சமூகக் கூடத்துக்கும் வேறு அளவுகோல் வைத்திருக்க வேண்டும்.

93,000 ஏக்கரைப் பூட்டி வச்சா வீட்டு விலை ஏறாம என்ன செய்யும்?

கொஞ்சம் ஏற்றத்தான் செய்யும், இதை மறைக்க நான் விரும்பவில்லை. ஆனால் ரிசர்வைத் திறந்துவிட்டால் அங்கே வரப்போவது பெரிய மனையில் பெரிய பங்களா, நடுத்தரக் குடும்பம் வாங்கும் வீடு இல்லை. விலையைக் குறைக்கக்கூடியது மெட்ரோ நிலையங்களின் பக்கத்திலும் பெரிய சாலைகளின் ஓரத்திலும் அதிக வீடுகள் வருவதுதான். 1974 முதலே இங்கே ஒரு சட்டம் உண்டு, பெரிய குடியிருப்புத் திட்டத்தில் ஒரு பங்கை மிதமான வருமானக்காரர்களுக்குக் குறைந்த விலையில் தர வேண்டும் என்று. 2025 ஜூலையில் சில முக்கியச் சாலைகளின் ஓரத்தில் தனி வீட்டு மனைகளிலும் சிறு அடுக்குமாடி கட்ட கவுன்சில் வழிவிட்டது.

அந்த முடிவை எதிர்த்தவர்களில் பலர் ரிசர்வையும் நேசிப்பவர்கள். இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ள முடியாது. நகரப் பகுதியில் நெருக்கமாகக் கட்ட மாட்டோம், பண்ணையிலும் கட்ட மாட்டோம் என்றால், நம் பிள்ளைகள் ஃபிரெடரிக் கவுன்ட்டியின் பண்ணையில் எழும் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம் கார் ஓட்டி வேலைக்கு வருவார்கள்.

ரிசர்வ்ல 30 ஏக்கர் மலிவா வருது. வாங்கி ஒரு வீடு கட்டிக்கலாமா?

கட்டலாம், ஆனால் முன்பணம் கொடுக்கும் முன் நிலப் பதிவேட்டில் மூன்று விஷயம் பாருங்கள். வீடு கட்டும் உரிமை (மேலே சொன்ன கையில் மிஞ்சும் டி.டி.ஆர்.) இன்னும் அந்த நிலத்தோடு இருக்கிறதா, இல்லை முன்பே விற்றாயிற்றா. வேறு ஈஸ்மென்ட் ஏதாவது ஏறியிருக்கிறதா. மண் பெர்க் டெஸ்டில் தேறியிருக்கிறதா, அதாவது செப்டிக் தொட்டியின் நீரை மண் உறிஞ்சுமா. பெர்க் தேறாத நிலத்தில் காகிதத்தில் எத்தனை உரிமை இருந்தாலும் வீடு எழும்பாது. மலிவாக வருகிறது என்றால் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம்.

அப்புறம் வரி. விவசாயம் நடக்கும் நிலத்தைச் சந்தை விலையில் இல்லாமல், விவசாய மதிப்பில், ஏக்கருக்குச் சில நூறு டாலர் என்று கணக்கிட்டு வரி போடுகிறார்கள். 1956-ல் இந்த முறையை அமெரிக்காவிலேயே முதலில் கொண்டுவந்தது மேரிலாந்துதான். வாங்கிய பிறகு பயிரே செய்யாமல் விட்டால் அந்தச் சலுகை போகும், நிலத்தை மாற்றும்போது முன்பு சொன்ன பிரத்தியேக வரியும் வரும். அங்கேயே 1981-க்கு முன்பிருந்து நிலம் வைத்திருப்பவர்கள் பிள்ளைகளுக்கு மனை பிரித்துக் கொடுக்க ஒரு தனி விலக்கு உண்டு. அது புதிதாக வாங்குபவர்களுக்குப் பொருந்தாது, புரோக்கர் என்ன சொன்னாலும்.

நம்ம ஆளுங்க சேர்ந்து அங்க பெரிய இடம் வாங்கிக் கோயில் கட்டினா என்ன?

இந்த ஆசை நம்மிடம் மட்டும் இல்லை. 2000-க்குப் பிறகு பல தேவாலயங்களும் தனியார் பள்ளிகளும் ரிசர்வில் நிலம் பார்த்தன. அரை நகரத்துக்குத் தேவையான கார் நிறுத்துமிடத்தோடு பெரிய கட்டடங்கள் வந்தால் ஒதுக்கீட்டுக்கே அர்த்தம் போய்விடும் என்று 2005-ல் கவுன்சில் அத்தகைய நிறுவனங்களுக்குக் குடிநீர், சாக்கடை இணைப்பை அங்கே நீட்டக் கூடாது என்று முடிவெடுத்தது. டி.டி.ஆர். விற்ற நிலத்தில் இத்தகைய கட்டடமே கூடாது என்ற விதியும் பின்னர் வந்தது.

சிக்கல் என்னவென்றால், வழிபாட்டு இடங்களுக்கு நிலப் பயன்பாட்டு விதி தேவையற்ற பெரிய சுமையாகக் கூடாது என்று 2000-ல் வந்த மத்தியச் சட்டம் ஒன்று இருக்கிறது. ஜெர்மன்டவுனில் 119 ஏக்கர் வாங்கிய பெத்தேல் சபை அதன் அடிப்படையில் கவுன்ட்டி மேல் வழக்குப் போட்டது. கீழ் நீதிமன்றத்தில் தோற்றாலும், 2013-ல் நான்காவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் சுமை குறித்த வாதத்தில் விஷயம் இருக்கிறது என்று வழக்கைத் திருப்பி அனுப்பியது. ஆகவே சட்டப்படி கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. ஆனாலும் வக்கீல் செலவுக்கும் வருஷக்கணக்கான காத்திருப்புக்கும் பக்தர்களின் காணிக்கையைச் செலவழிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். குழாய் இணைப்பு இருக்கும் இடமாகப் பார்த்து வாங்குவதே மேல்.

கவுன்ட்டியே தன் கட்டடத்தைப் பண்ணை நிலத்துல கட்டினா யார் கேக்கிறது?

கேட்டவர்கள் இருக்கிறார்கள். ரிசர்வின் மேற்கு மூலையில், டிக்கர்சனில், கவுன்ட்டியின் குப்பை எரிக்கும் ஆலை 1995 முதல் இயங்குகிறது. கவுன்ட்டி முழுவதின் குப்பையும் அங்கே போகிறது. நகரத்தில் யாரும் தன் தெருவில் விரும்பாத கட்டடம், ஆள் குறைந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மாறாக, மக்கள் ஜெயித்த கதை ஒன்றும் உண்டு. போடோமாக்கில் பிரிக்யார்டு சாலையில், கல்வி வாரியம் என்றாவது பள்ளி கட்டலாம் என்று வைத்திருந்த 20 ஏக்கரில் முப்பது வருஷமாக ஒரு இயற்கை விவசாயப் பண்ணை குத்தகையில் நடந்துவந்தது. ரிசர்வுக்கு வெளியே, பொது நிலம். 2011-ல் அதைக் கால்பந்து மைதானங்களாக்கக் கவுன்ட்டி முடிவெடுத்தது, அக்கம்பக்கத்தாரிடம் முறையாகக் கேட்காமலே. வழக்குகள், கூட்டங்கள், பள்ளிப் பிள்ளைகளின் கடிதங்கள் என்று இரண்டு வருஷம் ஓடி, 2013-ல் கவுன்ட்டி அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. மைதானம் தேவையில்லாத விஷயம் என்று நான் சொல்லவில்லை. பொது நிலத்தின் பயன்பாட்டை மாற்றும்போது மூடிய அறையில் முடிவெடுத்ததுதான் தவறு.

சோலார் நல்லதுதானே? அதையும் ஏன் தடுக்கிறாங்க?

முழுதாகத் தடுக்கவில்லை. 2021-ல் ஓராண்டு விவாதத்துக்குப் பிறகு கவுன்சில் சொன்னது, ஒவ்வொரு திட்டமும் தனி அனுமதி பெற வேண்டும், மிகச் சிறந்த மண் இருக்கும் இடத்தில் கூடாது என்று. சூழல் ஆர்வலர்களே இரண்டாகப் பிரிந்த விவாதம் அது. கூரைகளும் கார் நிறுத்துமிடங்களும் இருக்கும்போது நல்ல மண்ணை மூட வேண்டாம் என்பது என் பக்கம், மறுபக்கத்தின் அவசரமும் எனக்குப் புரிகிறது. இப்போது டேட்டா சென்டர்கள் வந்திருக்கின்றன. டிக்கர்சனில் மூடப்பட்ட நிலக்கரி மின்நிலையத்தின் இடத்தில் ஒன்று கட்டும் யோசனை இருக்கிறது. அது பழைய தொழிற்சாலை இடம்தான் என்றாலும், அதற்கு வேண்டிய தண்ணீரும் மின்கம்பிகளும் பண்ணைகளின் நடுவே போக வேண்டும்.

நிரந்தர ஈஸ்மென்ட்னு எழுதிட்டா அரசாங்கத்தாலயும் தொட முடியாதா?

தொட முடியும், இது பலருக்கு அதிர்ச்சி. ஈஸ்மென்ட் உரிமையாளரைத்தான் கட்டுப்படுத்தும். பொதுத் தேவைக்காக நிலம் எடுக்கும் அரசின் அதிகாரத்தை அது ரத்து செய்யாது. பக்கத்து கவுன்ட்டிகளில் இது நடந்துகொண்டிருக்கிறது: பால்டிமோர், கேரல், ஃபிரெடரிக் கவுன்ட்டிகள் வழியாக 67 மைல் நீளத்துக்கு உயர் அழுத்த மின்பாதை போடும் திட்டம் 2024-ல் வெளியானது. தலைமுறைக்கும் பாதுகாப்பு என்று நம்பி ஈஸ்மென்ட் எழுதிக்கொடுத்த பண்ணைகள் அதன் பாதையில் இருக்கின்றன. அனுமதிக்கும் அதிகாரம் மாநிலப் பொதுச்சேவை ஆணையத்திடம், கவுன்ட்டி கவுன்சில் எதிர்த்துத் தீர்மானம் போடலாம், தடுக்க முடியாது.

எங்க போய்ப் பேசணும்? நம்ம பேச்சை யார் கேப்பாங்க?

கேட்பார்கள், ஆள் வந்தால். மேலே சொன்ன காலவரிசைப்படி நவம்பரில் கல்வி வாரியம், பிப்ரவரியில் கவுன்சில். முன்கூட்டியே இணையத்தில் பெயர் கொடுத்தால் ஒருவருக்குச் சில நிமிஷங்கள் தருவார்கள், குடியுரிமை கேட்பதில்லை, கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்களும் பேசலாம். எழுத்திலும் அனுப்பலாம். ஒரே கடிதத்தை நூறு பேர் நகலெடுத்து அனுப்புவதை விட, ஒரு தாய் வந்து தன் மகளின் வகுப்பில் எத்தனை பேர், மதிய உணவு எத்தனை மணிக்கு என்று சொல்வது எடுபடும். மே மாதத்தில் கோபப்பட்டுப் போனால் பட்டியல் ஏற்கெனவே கட்டி முடிந்திருக்கும்.

கவுன்சில் மனசு மாறினா ரிசர்வே போயிடுமா?

இரண்டு அடுக்காகப் பாருங்கள். 25 ஏக்கர் விதி ஜோனிங், அதைக் கவுன்சில் பெரும்பான்மை ஓட்டில் மாற்ற முடியும். அரசியல் ரீதியாக மிகக் கடினம், சட்ட ரீதியாக முடியும். தொடக்கத்திலேயே டி.டி.ஆர். முறை ஒரு தடவை நீதிமன்றத்தில் சறுக்கியிருக்கிறது: கூடுதல் வீடுகள் வரக்கூடிய அடர்த்தியை முறையான ஜோனிங் மூலம் நிர்ணயிக்காமல் திட்ட ஆவணத்தில் மட்டும் எழுதிவைத்தது செல்லாது என்று 1987-ல் மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது, கவுன்ட்டி விதிகளைத் திருத்தி எழுதிக் காப்பாற்றியது.

அடுத்த அடுக்கு ஈஸ்மென்ட். ஜோனிங் மாறினாலும் அது நிலத்தோடு இருக்கும். எல்லா ஈஸ்மென்ட்டும் ஒரே வலிமை கொண்டதல்ல. முன்பு சொன்ன மாநில விவசாய நிலப் பாதுகாப்பு நிறுவனம் 2004 அக்டோபருக்கு முன் வாங்கியவற்றில், 25 வருஷம் கழித்து, இங்கே இனி லாபகரமாக விவசாயம் செய்யவே முடியாது என்று நிரூபித்தால் விடுவிக்கக் கோர உரிமையாளருக்கு வழி இருக்கிறது, கவுன்ட்டியின் சம்மதமும் வேண்டும். அதற்குப் பின் வாங்கியவற்றில் அந்த வழி அடைக்கப்பட்டுவிட்டது. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எழுதியவற்றுக்கு 25 வருஷம் ஏற்கெனவே முடிந்துவிட்டது. அப்படியொரு மனு வந்தால் அதைக் கவுன்ட்டி எப்படிக் கையாளும் என்று கவுன்சில் வேட்பாளர்களிடம் கேளுங்கள், பள்ளிக் கட்டட வரிசையைப் பற்றிக் கேட்கும் அதே கூட்டத்தில்.